வெந்தயப் போத்தலும் செல்வராஜின் டெட்லிஃப்ட்டும்

கொட்டகலைக் கடைத்தெருவைத் தாண்டி ஒரு ஜிம் இருக்கிறது. அதைக் கட்டியவன் நான். பழைய உர ஸ்டோருக்குக் கூரைத் தகரம் மாற்றியது நான். தேயிலை ஃபெக்டரியில் கழித்துப்போட்ட இரும்புத் தண்டை பார்பெல் ஆக்கியது நான். பெயின்ட் வாளியில் சீமெந்து ஊற்றி எடைத்தட்டு வார்த்ததும் நான்தான். "தோட்டத்து லயத்து ஆளுங்க தெனமும் மலை ஏறி எறங்குறாங்க, அவங்களுக்கு எதுக்குய்யா ஜிம்மு?" என்று சிரித்த பேங்க் மேனேஜர், இப்போது தொப்பையைக் குறைக்க என்னிடம்தான் வருகிறார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

புதிதாக ஜிம் நடத்த வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டும் இயற்கை மாத்திரை வேலை செய்யுமா? அவர்களுக்காகச் செல்வராஜின் விஷயத்தை எழுதுகிறேன்.

செல்வராஜுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கும் வேலை. பெண்கள் பறித்து எடை போட்ட கொழுந்தை மலையிலிருந்து ரோட்டுக்குச் சுமந்து லொறியில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் என்னிடம் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பாரத்தை நிமிர்ந்து தூக்குவது. வைகாசியில் ஹட்டனில் போட்டி. ஜெயித்தால் மாகாண அணியில் இடம். முந்திய வருடம் பாரம் முழங்காலோடு நின்றுவிட்டது. இந்த முறையும் தோற்றால் இனி பார்பெல்லைத் தொடுவதில்லை என்று மனைவி புஷ்பத்திடம் சத்தியமே செய்திருந்தான்.

மாசியில், கடைத்தெருவில் ரமேஷ் நடத்தும் சப்ளிமென்ட் கடையில் ஒரு போத்தல் வாங்கினான். அஸ்வகந்தா, வெந்தயம், நெருஞ்சி எல்லாம் கலந்தது. லேபலில் தலையைச் சிலுப்பிக்கொண்டு ஒரு காளை. அந்த மாதமே அவனுடைய டெட்லிஃப்ட் ஏறியது.

"மாத்திரை வேலை செய்யுது மாஸ்டர். மீசைகூட கெட்டியாயிருச்சு."

"அதே மீசைதான்டா. நீ இப்பதான் கண்ணாடிய தொடச்சிருக்க."

நான் சொன்னது எடுபடவில்லை. பாதி ஜிம் காளைப் போத்தல் வாங்கிவிட்டது. முதுகு வலிக்காக என்னிடம் உடற்பயிற்சிக்கு வரும் டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெந்தயத்தில பயில்வான் ஆகலாமெண்டா, மாஸ்டர், குழம்பு வைக்கிற வீட்டிலெல்லாம் பயில்வான் எல்லோ இருக்கோணும்! அஸ்வகந்தாவால சிலருக்கு ஹார்மோன் கொஞ்சம் கூடலாம் எண்டு சொல்லுகினம். சுகமா இருக்கிற ஆளுக்கு அந்தக் கொஞ்சம் தசையா மாறுமெண்டு நம்பேலாது. உண்மையா குறைஞ்சிருக்கோ எண்டு ரத்தம் சோதிச்சுப் பாக்கோணும். லேபல் இல்லாத சாமானை மட்டும் தொட விடாதேங்கோ, ஈரல் பழுதாப் போகும்."

சித்திரை மழை விழுந்தது. தேயிலை குபுகுபுவென்று துளிர்த்தது. செல்வராஜின் டெட்லிஃப்ட் இறங்கியது. மாத்திரையை இரட்டிப்பாக்கினான். இன்னும் இறங்கியது. ரமேஷ் அவன் காதில், "ஒடம்பு பழகிருச்சு அண்ணே. ஸ்ட்ரோங் சாமான் ஒண்ணு வருது. லேபல் மட்டும் இல்ல" என்று ஓதியிருக்கிறான். வாங்குவதற்கு இவனும் தயார்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்கே போனேன். ரோட்டோரம் கொழுந்து மூட்டை மலைபோலக் கிடந்தது. செல்வராஜ் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடினான்.

"காலையிலருந்து எத்தன மூட்டை?"

"யாரு மாஸ்டர் எண்ணுனா?"

"ஒன் முதுகு எண்ணியிருக்கு. மாசியில எத்தன தூக்குன?"

மூட்டையைப் போட்டுவிட்டு நின்றான். மாசியில் பனியடித்துக் கொழுந்து கருகிக் கிடந்தது. தூக்க மூட்டையே இல்லை. முதுகு ஓய்ந்திருந்தது. அந்த ஓய்வில் ஏறிய பலத்தைத்தான் காளை தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

தோட்ட வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவிடம், போட்டி வரை இவனுக்கு லேசான வேலை கேட்டேன். "கொழுந்து கொட்டுற நேரத்துல ஆளை விடச் சொல்றீங்களே மாஸ்டர்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு, "நேசரியில தேயிலைக் கன்று வளக்குற பைக்கு மண்ணு நெரப்புற வேலை இருக்கு. பொம்பளைங்களோட குந்தணும், பரவாயில்லையா?" என்றார்.

செல்வராஜ் பதறினான். "ஆம்பளத்தனத்துக்கு மாத்திரை திங்கிறவன பொம்பளைங்களோட குந்த வைக்கிறீங்களே மாஸ்டர்!"

"மாத்திரையையும் குடு. அப்புறம் அந்தக் கவலை இல்ல."

போத்தலைப் பிடுங்கிக்கொண்டேன். நேசரியில் புஷ்பமும் வேலை செய்கிறாள். அங்கே நடந்ததை அவளே வந்து சொன்னாள். "காளை மாடு சாதுவா மண்ணு அள்ளுதுன்னு எல்லாரும் சிரிக்கிறாளுக மாஸ்டர். நானும்தான்!" தினமும் அவித்த முட்டை கொடுத்து, போனைப் பிடுங்கி வைத்து, நேரத்தோடு அவனைத் தூங்க வைத்தவளும் அவள்தான்.

ஹட்டனில் கடைசித் தூக்கு. பாரம் முழங்காலுக்கு வந்து ஒரு கணம் நின்றது. என் நெஞ்சும் நின்றது. பிறகு அவன் நிமிர்ந்தான். புஷ்பம் போட்ட கூச்சலில் நடுவரே திரும்பிப் பார்த்தார். மாகாண அணியில் அவன் பெயர் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ரமேஷின் கடை வாசலில் ஒரு பேனர். செல்வராஜ் பாரத்தைத் தூக்கி நிற்கிறான், பக்கத்தில் அந்தக் காளை. சண்டைக்குப் போனேன்.

"மாசியில சாப்புட்டது வைகாசியில வேலை செஞ்சிருக்கு மாஸ்டர்" என்றான், வெட்கமே இல்லாமல்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். பாரம் ஏறினாலும் இறங்கினாலும், அந்த ஆள் பகலில் என்ன சுமக்கிறான், என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு தூங்குகிறான் என்று முதலில் கேளுங்கள். போத்தலைக் கடைசியில் பார்த்தால் போதும்.

ரமேஷுக்கும் ஒரு வார்த்தை. பேனரை இறக்க வேண்டாம், தம்பி. காளையை மட்டும் வெட்டிவிட்டு அந்த இடத்தில் என் படத்தை ஒட்டு. கீழே "பயிற்சி: ஆறுமுகம் மாஸ்டர்" என்று எழுது. செல்வராஜின் பெயரைவிட எழுத்து கொஞ்சம் சிறிதாக இருக்கலாம். உன் கடைப் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.