கோடு இறங்கியதும் விடாதே

பஸ் எட்டாத நெல்லிவாசல்நாட்டு மலைக் குக்கிராமத்திலிருந்து போய் தேவயானி டிப்ளமோ முடித்தாள். கீழூர்களிலிருந்தெல்லாம் முப்பத்தொரு பேர் வந்த நேர்காணலில் முதலாவதாக வந்தாள். ஜமுனாமரத்தூர் உற்பத்தியாளர் சங்கத்தில் கம்ப்யூட்டர் முன் நாற்காலி பிடித்தாள். தங்கை தேவயானி வென்றதையெல்லாம் அன்பரசி கேட்டவர்களிடம் ஒன்றுவிடாமல் சொல்வாள். சொல்லி முடித்ததும் வயிறு எரியும்.

அன்பரசி எட்டாவதோடு நின்றவள். அதே சங்கத்தின் பின்கொட்டகையில் ஆறு வருஷமாகச் சாமை தோல் நீக்கும் மெஷினை நின்றபடியே ஓட்டுகிறாள்.

தேவயானிக்கு அது வேலை நிரந்தரமாவதற்கு முந்தைய சோதனைக் காலம். சந்தை நாளில் புளி மூட்டையோடு எல்லோரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ரசீது உடனே வேண்டும். ஆனால் புளியின் படங்களைச் சுருக்கி வியாபாரிகளுக்கு அனுப்பும் வேலை கம்ப்யூட்டரின் பிராசசர் முழுவதையும் தின்றுவிடும், ரசீது அப்படியே நிற்கும். தேவயானி அதற்கொரு ப்ரோகிராம் எழுதினாள். நொடிக்கு ஒருமுறை அது பிராசசர் பயன்பாட்டைப் பார்க்கும். எண்பது சதவீதம் தாண்டினால் பட வேலையை நிறுத்தும், குறைந்தால் மறுபடி தொடங்கும்.

நிலைமை இன்னும் மோசமானது. ஒவ்வொரு தடவையும் பட வேலை முதலிலிருந்து தொடங்கியது. திரையில் பயன்பாட்டுக் கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இரண்டு சந்தைகளில் ஜனம் பஸ்ஸைத் தவறவிட்டது.

"அடுத்த சந்தையும் இப்டின்னா வேற ஆள் பாத்துக்கிறோம்மா" என்றார் செயலாளர் ராஜவேலு.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்த அன்பரசிக்குக் கோளாறு என்னவென்று முதல் சந்தையிலேயே புரிந்துவிட்டது. மோட்டார் முனகினால் அவள் சாமை போடுவதை நிறுத்துவாள். சத்தம் தெளிந்ததும் உடனே கொட்டமாட்டாள்; இருபது எண்ணுவாள். ஆனால் வாய் திறக்கவில்லை. படித்தவள்தானே, கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாவது சந்தைக்கு முந்தின நாள் சாமை அரைக்க வந்த மாணிக்கம்மாள் கேட்டாள்: "இன்னா அன்பரசி, தங்கச்சிய அனுப்பிட்டா அந்தச் சேரு ஒனக்கா?"

மனசுக்குள் இருந்ததை அடுத்தவள் வாயில் கேட்டதும் அன்பரசிக்குக் கூசியது. உமி ஒட்டிய கையோடு தங்கை இருந்த அறைக்குள் போனாள்.

"கோடு எறங்கின ஒடனே ஏன்டி விடற? இருபது எண்ணு. நடுவுல ஏறுச்சுன்னா மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணு."

தேவயானி திரையையே பார்த்தாள். "இது ஒனக்கு எப்பக்கா தெரியும்?"

"மொத சந்தையிலயே."

"நல்ல அக்கா நீ."

"மூஞ்சிய அப்புறம் திருப்பிக்க. மொதல்ல எழுது."

மறுநாள் கூட்டம் சேர்ந்ததும் பட வேலை நின்றது. கூட்டம் கலையும்வரை தலைகாட்டவில்லை. கடைசி மூட்டைக்காரரும் ரசீதோடு பஸ் ஏறினார். ராஜவேலு தேவயானியைப் பாராட்டினார். "எங்க அக்கா சொன்னதுங்க" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே, "அக்காவும் கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்பரசிக்கு அது போதவில்லை.

ஆனாலும் வேலை நிரந்தரமாகி, நிலையான ஊழியர்களின் வருகைப் பதிவேட்டில் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டபோது, மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று தேதி 17 மார்ச் 2023.