லிங்கராஜபுரத்தில் இறுகாத தளம்

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் மாடித் தளம், காங்கிரீட் போட்டுப் பதினைந்து மணி நேரமாகியும் இறுகவில்லை. அதில் கலந்த கெமிக்கலை விற்றவன் நான். அதனால்தான் 2007 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து அவசரமாகப் பெங்களூர் போனேன். கட்டட வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மேஸ்திரி வேலு போன் செய்தார். "அண்ணா, நேத்து போட்ட மாடி மோல்டு இன்னும் கொழகொழன்னு கீது. விரல வச்சா உள்ள போவுது. ஓனரு பதினோரு மணிக்கு ஆளுங்கள வரச் சொல்லிட்டாரு, எல்லாத்தையும் வழிச்சிப் போடணுமாம்."

இறுகுவதற்குள் வழித்தால் கம்பியாவது மிஞ்சும் என்பது ஓனர் கணக்கு. ஆனால் வழித்துவிட்டால் வேலுவை அந்த ஏரியாவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓனருக்கும் இன்னொரு தளம் போடத் தெம்பில்லை.

7.25க்கு பஸ். பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. அதன்பிறகு மேம்பால வேலை. வண்டி நகர்ந்ததை விட நின்றதுதான் அதிகம். சாந்திநகரில் இறங்கும்போது 9.20. டிக்கெட் 22 ரூபாய். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோ. மீட்டருக்கு மேல் இருபது கேட்டார் டிரைவர்.

"சீக்கிரம் போங்க, ஒரு தளம் இறுகாம நிக்குது."

"அதுக்கு நான் வந்து ஊதணுமா சார்?" என்றார். ஆனால் பறந்தார். 9.50க்கு இறங்கி எண்பது கொடுத்தேன்.

ஓனர் பிரான்சிஸ், ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்குழந்தையோடு திரும்பி வரும் மகளுக்காகத்தான் இந்த மாடி. வாசலிலேயே மடக்கினார். "பவுடர், தண்ணி, என்னென்னமோ வித்தீங்க. கெமிக்கல் இல்லாம எங்க அப்பா கட்டுன வீடு நிக்கலியா?"

நேராக மேலே ஏறினேன், அவரும் பின்னாலேயே வந்தார். தளத்தின் மேல் நடந்த பூனையை வேலு விரட்டிக்கொண்டிருந்தார். அதன் பாதத் தடங்கள் பூப்போலப் பதிந்திருந்தன. கட்டைவிரலை வைத்தேன், அரை அங்குலம் இறங்கியது. ஓரங்களில் கல் தனியாக, சிமெண்ட் பால் தனியாகப் பிரிந்திருக்கிறதா என்று தேடினேன். பிரிந்திருந்தால் தளம் தேறாது. இல்லை. உயிர் வந்தது.

அந்தக் கெமிக்கலின் பெயர் சூப்பர் பிளாஸ்டிசைசர். தண்ணீரைக் குறைத்தாலும் கலவை இளகி ஓடும். ஆனால் அளவு மீறினால் சிமெண்ட் தூங்கிவிடும், இறுக நேரமாகும். ஐந்தில் ஒரு பங்கு சிமெண்டுக்குப் பதில் ஃபிளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல், சேர்த்திருந்தோம். அது இயல்பிலேயே நிதானம். போதாததற்கு டிசம்பர் குளிர்.

"மூட்டைக்கு எவ்வளவு ஊத்துனீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ரெண்டுதாண்ணா," என்றார் வேலு. நான் சொன்னது இரண்டு குவார்ட்டர் பாட்டில், 360 மில்லி. எல்லா சைட்டிலும் கிடைக்கும் அளவுப் பாத்திரம் அதுதானே!

கீழிருந்து டீ கொண்டுவந்த பிரான்சிஸின் மனைவி ஸ்டெல்லாம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, அந்த பாட்டில நான்தான் தூக்கிப் போட்டேன். ஃபாதர் ஜெபம் பண்ண வந்தாரு. சாராய பாட்டில் வச்சா வீட்டு வேலைய ஆரம்பிக்கறதுன்னு, அதுக்குப் பதிலா என் சொம்ப குடுத்தேன்."

சொம்பு அரை லிட்டர். மூட்டைக்கு ஒரு லிட்டர் போயிருக்கிறது, ஏறக்குறைய மூன்று மடங்கு.

"சொம்பு வந்ததும் கலவை பாயசமா ஓடுச்சு. நான்தான் தண்ணியப் பாதியாக் கொறச்சேன்," என்றார் வேலு. அதுதான் தளத்தைக் காப்பாற்றியிருந்தது.

பிரான்சிஸ் மனைவியைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "தப்பு என்னுது சார். கெமிக்கல் வித்தவன் அளவையும் குடுத்திருக்கணும். காலி சாக்கு வித்துத் தொழிலுக்கு வந்தவன் நான், ஒரு அளவுக் கோப்பைக்குக் காசு கணக்குப் பாத்துட்டேன். சாயந்திரம் வரைக்கும் பொறுங்க. நான் இங்கயே இருக்கேன்."

பிரான்சிஸ் வாட்சைப் பார்த்துவிட்டு, "ஆளுங்க வந்தா திருப்பி அனுப்பிடு வேலு," என்றார். பிறகு மனைவியிடம், "டீயக் குடு, ஆறுது."

ஈரச் சாக்கு போர்த்திவிட்டுக் காத்திருந்தோம். மணிக்கொரு தரம் பிரான்சிஸே ஏறி விரல் வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. ஐந்து மணிக்குச் சாக்கின் ஒரு ஓரத்தை விலக்கினோம். பூனை மறுபடி வந்தது. யாரும் விரட்டவில்லை. அது குறுக்கே நடந்து போனது, தடம் விழவில்லை. ஸ்டெல்லாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெங்களூர் போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு முன் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்துக்குமேல் கிளம்புங்கள். சைட்டுக்குப் போகிறவர்களுக்கு: இறுகாத தளத்தைக் கண்டவுடன் கடப்பாரையைத் தேடாதீர்கள். அளவு எங்கே தவறியது என்று முதலில் விசாரியுங்கள். உண்மையைச் சொல்கிறவர் பயப்படாமல் சொல்லும்படி விசாரியுங்கள்.

அன்று கிளம்பும்முன் பேசி முடித்தது இது. தளத்தை அடியில் தாங்கும் முட்டுக்கட்டைகளை இருபத்தெட்டு நாள் அசைக்கக் கூடாது. பிறகு நான் வந்து சுத்தியலால் தட்டுவேன். சத்தம் மந்தமாக இருந்தால் புதுத் தளம் என் செலவு. கணீரென்று இருந்தால், மகள் குடிவரும் நாளில் எனக்கும் வேலுவுக்கும் ஸ்டெல்லாம்மா கையால் மீன் குழம்பு.

மீன் குழம்பு சாப்பிட்டாகிவிட்டது. இப்போது இருபது லிட்டர் கேன் 850 ரூபாய், அளவுக் கோப்பையும் சேர்த்து. கோப்பை வேண்டாம் என்பவருக்குக் கேன் கிடையாது.