துருப்பு ராஜாவைச் சொல்லாமல் விட்டது

மகளின் துணிமூட்டையை அவிழ்த்தபோது ஒரு சீட்டுக்கட்டு விழுந்தது. எடுத்து எண்ணினேன். முப்பத்திரண்டு. இரண்டு முதல் ஆறு வரை ஒரு சீட்டுகூட இல்லை. மீதி இருபதும் யாரிடம் இருக்கின்றன என்றுதான் என் புத்தி போயிற்று.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வரவிருந்த வருடம் அது. தலைநகரை ஒட்டிய ரோஷ் புவாவில் கலவரத்தில் எங்கள் தெருமுனைக் கடை எரிந்த மறுநாள், அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு பாம்பூ கிராமத்தில் என் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்திருந்தோம். என் புத்தகங்களையே விட்டுவிட்டு வந்தோம். அந்த அவசரத்தில் அவள் சீட்டுக்கட்டை மறக்கவில்லை.

இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தாள்: தலைநகரில் நர்ஸ் பயிற்சியில் சேரும் படிவம். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தகப்பன் கையெழுத்து வேண்டும். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். உயிர் தப்பி வந்த ஊருக்குத் திரும்பிப் போக இத்தனை அவசரம் ஏன்? அங்கே யாரோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல். நான் கோயில் வகுப்பில் படித்த தமிழில் அதை எழுதுகிறேன்.

"சீட்டு குறையுதே. மீதி எங்க?"

"குறையல பப்பா. எகார்த்தே ஆட்டத்துக்கு இவ்வளவுதான்."

"எத்தன பேர் ஆடுறது?"

"ரெண்டு பேர்."

"உன்கூட ஆடுன அந்த இன்னொரு ஆள் யாரு?"

"ஆயோ பப்பா! கத்துக்கிறீங்களா, சொல்லுங்க."

சீட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவன் நான். கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது.

ஆளுக்கு ஐந்து சீட்டு. பதினோராவது சீட்டைத் திருப்பினால் அதுதான் துருப்பு. பிடிக்காத சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று எதிராளியைக் கேட்க வேண்டும், அவர் மறுக்கலாம். ஐந்தில் மூன்று பிடி பிடித்தால் ஒரு புள்ளி. ஐந்து புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். துருப்பு ராஜா கையில் வந்தால், முதல் சீட்டைப் போடுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கே ஒரு புள்ளி. சொல்லாமல் ஆடிவிட்டால் அந்தப் புள்ளி போயிற்று.

நான் பார்த்தது ஆட்டத்தை அல்ல, அவளை. சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு சீட்டுப் போட்டாள். "ஜெ ப்ரொபோஸ்" என்று மாற்றக் கேட்டபோது அது எங்கள் தெருக் கிரியோல் அல்ல. கரும்புத் தோட்டப் பங்களாக்காரர்களின் பிரெஞ்சு. பணக்கார வீட்டுப் பையனா?

நான்கு மத்தியானமும் தோற்றேன். என் கையில் ராஜா இருக்கும்போதெல்லாம் அவள் தயங்காமல் மாற்றக் கேட்டாள். நான்காம் நாள்தான் இன்னொன்று காதில் பட்டது. எனக்குப் பின்னால், சமையல் மூலையில் என் மனைவி குழம்புச் சட்டியின் விளிம்பில் கரண்டியைத் தட்டினாள். என் கைக்கு ராஜா வந்தால் ஒரு தட்டு. மோசமான கையென்றால் இரண்டு. பரீட்சை அறைகளில் பிள்ளைகளை இருபது வருடம் காவல் காத்தவனுக்கு அது போதும். அடுத்த சீட்டைப் போட்டேன்.

வியாழக்கிழமை மகளே கேட்டாள். "பந்தயம் வைப்போமா பப்பா? நான் ஜெயிச்சா கையெழுத்து."

"நான் ஜெயிச்சா அந்த ஆள் யாருன்னு சொல்லணும்."

"சரி."

நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவள் முகம் மாறியது. ஐந்துக்கு இரண்டில் ஜெயித்தேன்.

"இப்ப சொல்லு."

அவள் சமையல் மூலையைப் பார்த்தாள். மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"நான்தான், மிஸ்யே." பள்ளிப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதுபோல அவள் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். "பெல் ஒம்ப்ர் தோட்டத்துப் பங்களாவுல எங்கப்பா சமையல்காரர். அங்க காலு விளங்காத ஒரு வெள்ளக்கார மதாம் இருந்தாங்க. தினம் அவங்களோட ஆட என்னை உக்கார வச்சாங்க. ஏழு வருஷம். இவளுக்கு நான்தான் கத்துக்கொடுத்தேன், நீங்க பள்ளிக்கூடம் போன நேரத்துல."

"எங்கிட்ட சொல்லவேயில்ல."

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

"சரி, இப்ப ரெண்டு பேரும் சேந்து ஏமாத்துனீங்களே?"

"ஏமாத்தினோம். நீங்க மட்டும் சீட்டு கத்துக்கவா உக்காந்தீங்க?"

மகள் சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருடம் அந்த வீட்டில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பையன் ஒருத்தனும் இல்ல," என்றாள் மனைவி. "இனி எதச் சொல்லிக் கையெழுத்துப் போடாம இருப்பீங்க?"

கடை எரிந்த வாடை இன்னும் என் சட்டையில் இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. துவைத்த சட்டைதான். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

"எந்திரி," என்று மகளை எழுப்பிவிட்டு மனைவி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். "என்கூட ஆடுங்க. சுவத்த விட்டு நகர வேண்டாம். நான் ஜெயிச்சா அவ போறா. நீங்க ஜெயிச்சா பேப்பரக் கிழிச்சிடலாம்."

"மம்மா!" என்றாள் மகள்.

"சும்மா இரு."

அவள் விரல்களில் சீட்டு தண்ணீர்போல ஓடியது. இருந்தும் எனக்கு நல்ல சீட்டாக வந்துகொண்டிருந்தது. நாலுக்கு நாலு. அவள் சீட்டைப் பகிர்ந்தாள், இஸ்பேட் துருப்பு. கையை விரித்தேன். இஸ்பேட் ராஜா. வாயைத் திறந்து சொன்னால் ஐந்தாவது புள்ளி, அங்கேயே ஆட்டம் முடிந்தது.

மகள் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பல்லைக் கடித்திருந்தாள். தெருவில் கூட்டம் ஓடிய நாளன்று என் கையைப் பிடித்துக்கொண்டு இதேபோலத்தான் நின்றாள். வாசலிலிருந்து என்னை உள்ளே இழுத்தவள் அவள்தான்.

ஒரு டைமன் பத்தைப் போட்டேன். மனைவி அதை வெட்டினாள். ராஜாவை மூன்றாவது பிடியில் இறக்கினேன். அவள் சீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சொல்லல?"

"மறந்துட்டேன்."

மீதி இரண்டு பிடியும் அவளுக்கே போயின. பேனா கேட்டேன்.

பயிற்சியின் மூன்றாம் மாதத்திலிருந்து மகள் வெள்ளைச் சீருடையில் இருக்கிறாள். சனிக்கிழமை அவள் வரும் பஸ் பத்து நிமிடம் தாமதித்தாலும் சாலைக்குப் போய்விடுகிறேன். மனைவி இன்றுவரை என்னை நம்பவில்லை. சீட்டுப் போடும்போதெல்லாம் கேட்கிறாள்: "அன்னிக்கு நிஜமாவே மறந்தீங்களா?"

மறந்துதான் போனேன் என்கிறேன்.