பேச்சு நிற்கும், சப்பாத்தி நிற்காது

போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு பிஎச்.டி. வைவாவுக்குப் போயிருந்தேன். தேர்வு எனக்கில்லை! நான் அரசியல் அறிவியல் நடத்தி ரிட்டையர் ஆனவன். கேட்டுவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று...

தேர்வு கலைச்செல்விக்கு. அன்னவாசல்காரர். கீரனூரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவர். கணவர் முத்துக்குமார் வளைகுடாவில் லாரி டிரைவர். லீவில் வந்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டம் கிடைத்தால் கலைச்செல்வி கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துவிட்டால் இவர் திரும்பிப் போக வேண்டாம். அந்த ஆசை அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆய்வு எதைப் பற்றி? நாடுகளின் உறவை மேற்கத்திய நாட்டுக்காரர்கள் மட்டும்தான் விளக்க வேண்டுமா என்பது பற்றி.

வெளியூர் எக்ஸாமினர் பக்கங்களைப் புரட்டினார்.

“நாடுகளுக்கு மேல போலீஸ் கிடையாது, அதனால ஒண்ணுக்கொண்ணு பயந்துதான் வாழும். இது தியரி. நீங்க அது பத்தாதுங்கிறீங்க. அதுக்கு வளைகுடாவுல ஒரு லேபர் கேம்ப் சமையல்கட்டக் காட்டுறீங்க. இதெல்லாம் தியரியாம்மா?”

கலைச்செல்வி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“அந்தத் தியரி எழுதுனவங்களும் பார்த்ததை வச்சுத்தான் எழுதுனாங்க சார். அவங்க ஊர்ல பெரிய பெரிய யுத்தம் நடந்துச்சு, பயம்தான் விதின்னாங்க. கேம்ப்ல இருக்கிறவங்ககிட்டக் கேட்டு நான் பார்த்தது வேற, பல நாட்டு ஆளுக பயமில்லாம ஒண்ணா இருக்கிறது. அவங்க பார்த்தது உலகம், நான் பார்த்தது வெறும் சமையல்கட்டுன்னு யாரு சார் முடிவு பண்றது?”

எக்ஸாமினர் சிரிக்கவில்லை. “அந்த கேம்ப்ல இருந்தவங்க யாராவது வந்திருக்காங்களா?”

முத்துக்குமார் எழுந்தார். வேறு வழி?

“நான் இருந்தேங்க. ரூம்ல எட்டுப் பேரு. நம்மாளுக, நேபாளம், பாகிஸ்தான். அடுப்பு ஒண்ணுதாங்க. ஆளுக்கு ஒரு நாள் சமையல்.”

“சண்டையே வராதா?”

“வருங்க. எல்லையில சுட்டுக்கிட்டாங்கன்னு நியூஸ் வந்தா, அன்னைக்கு பாகிஸ்தான்காரரும் நானும் பேசிக்க மாட்டோம். ஆனா அவரு மொறைன்னா, சப்பாத்தி போட்டு எனக்கும் எடுத்து வச்சிருவாரு. நானும் தின்னுட்டுத்தான் மூஞ்சியத் திருப்பிக்குவேன்.”

அரங்கமே சிரித்தது. எக்ஸாமினர் மட்டும் பேனாவை எடுத்தார்.

“இந்தச் சண்டை தீசிஸ்ல இல்லையேம்மா?”

“மத்தவங்க யாரும் இதைச் சொல்லல சார். இவரையும் ஆறு வருஷமாக் கேக்குறேன். ‘நல்லாத்தான் இருக்கோம்’னுட்டுப் போனை வச்சிருவாரு.”

இப்போது எக்ஸாமினரும் சிரித்துவிட்டார்.

“சண்டையை மறைச்சா அது வெறும் நல்ல கதை. கோபம் இருந்தும் முறை மாறலை பாருங்க... அதுதான் உங்க தியரி. அதைச் சேர்த்து எழுதிக் குடுங்க. பட்டத்துக்கு நான் பரிந்துரைக்கிறேன்.”

கலைச்செல்வி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். முத்துக்குமார் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யாரோ அவர்கள் ஊரில் பட்ட பயத்தை, உலகத்தின் குணம் என்று எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! லீவுக்கு வருகிற ஒருவரிடமாவது, ‘அங்கே எப்படிச் சேர்ந்து இருக்கிறீர்கள்?’ என்று கேட்டேனா? செண்ட் பாட்டில் கொண்டுவந்தீர்களா என்றுதானே கேட்டேன்?

வகுப்பில் ‘நோட்ஸ் எடுங்கப்பா’ என்று பிள்ளைகளை விரட்டியே ரிட்டையர் ஆனவன் நான். முதல்முதலாக நான் நோட்ஸ் எடுத்தது அன்றைக்குத்தான் — அழைப்பிதழின் பின்பக்கத்தில்!