எப்போது என்று சொல்லாமல் விட்டேன்

வெட்கமாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் பாதியில் எனக்காக நானே வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

பாறைகளின் வயதைக் கணிப்பது என் வேலை. நம் மலைகளில் சில இடங்களில் பழைய பாறைக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை ஓடும். இலங்கையும் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்து பிறகு பிளந்த காலத்தில், வெடிப்புகளுக்குள் எரிமலைக் குழம்பு ஏறி உறைந்த பட்டை அது. உறைந்த நாளிலிருந்து அதிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு மெல்ல மெல்ல ஆர்கன் வாயுவாக மாறிக் கல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதை அளந்தால் கல் உறைந்த காலம் தெரியும். கல்லின் காலத்தை வைத்துக் கண்டம் பிளந்த காலத்தைச் சொல்லலாம்.

இரத்தினபுரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கடைசி லயத்துக்குப் பின்னால் அப்படியொரு பட்டை இருந்தது. அப்போது நான் மாணவன்; கூட வந்த பேராசிரியரும் மற்ற மாணவர்களும் சிங்களவர்கள். லயத்தில் பிறந்தவன் நான் ஒருவன்தான், கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். நாங்கள் சுத்தியலோடு நிற்பதைப் பார்த்து ஒரு அக்கா வெளியே வந்தார்.

"என்னா தம்பி பாக்குறீங்க?"

இந்த மக்களோடு பேசத் தெரிந்தவன் நான்தான் என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டுமே. தலைகால் புரியவில்லை எனக்கு.

"இந்த மலைக்குள்ள பெரிய பிளவு இருக்குக்கா. அது வழியாத்தான் இந்தக் கல்லு மேல வந்திருக்கு. நெலமே ரெண்டாப் பிரியிற பிளவு."

அவர் முகம் மாறியது. வியப்பு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. அரநாயக்கவில் மழையில் மலை சரிந்து ஊரைப் புதைத்ததை மறந்தவர் அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எனக்கும் அது தெரியும். இருந்தும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

என் தொழிலே 'எப்போது' என்ற ஒரு கேள்விதான். அதை மட்டும் சொல்லாமல், கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கொண்டுவந்த கல் சரிப்படவில்லை. மழையில் ஊறி இற்றுப்போன கல்லிலிருந்து வாயு கசிந்துபோயிருக்கும், வயது பிழையாக வரும். உள்ளேயிருந்து நல்ல கல் எடுக்க அடுத்த ஆண்டு தனியாகப் போனேன். அந்த அக்கா என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அவர் மகளும் வாசலில் வந்து நின்றாள்.

"நல்ல வேளை நீங்க சொன்னீங்க தம்பி. அன்னைக்கே கெளம்பிட்டோம். ருவான்வெல்லையில தங்கச்சி வீட்டுல மழை விடுற வரைக்கும் ரெண்டு வாரம் இருந்தோம். இவளுக்கு அப்ப ஓ.எல். சோதனை. அங்கேருந்துதான் வந்து வந்து எழுதுனா. ஒரு நாளு மழையில பஸ் வந்து சேரல. கணக்குப் பாடம் போயிருச்சு. உசுரு பெருசா, கணக்கு பெருசான்னு விட்டுட்டோம். இப்ப தோட்டத்துல பேரு பதிஞ்சு கொழுந்தெடுக்க மலைக்குப் போறா."

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் அந்தச் சோதனையில் கணக்குத் தேறியதால்தான் நான் லயத்தை விட்டு வெளியே வந்தேன். நன்றிதானே சொல்கிறார்கள், பேசாமல் குடித்துவிட்டு எழும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் கூசுகிறது.

மகள் கேட்டாள்: "அந்தப் பிளவு எப்ப வந்துச்சு சேர்?"

"பல கோடி வருசத்துக்கு முன்னாடி."

"இப்ப?"

"இப்ப ஒன்னும் இல்ல. அப்பவே கல்லா உறைஞ்சு மூடிருச்சு."

அவள் சொன்னாள்: "அப்ப நாங்க போன அன்னைக்கும் ஒன்னும் இல்ல."

"இல்ல," என்றேன். மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என் கோப்பையை வாங்கி வைத்தார்.

"கவர்மென்டு ஆபீஸ்லேருந்து வந்து மலை சரியும்னு சிங்களத்துல என்னென்னமோ சொல்லிட்டுப் போவாங்க தம்பி. எங்களுக்கு சிங்களம் தெரியாம இல்ல. ஆனா அதப் பெருசா எடுக்க மாட்டோம். நீங்க நம்ம பாஷையில சொன்னீங்க. அதான் நம்பிட்டோம்."