அப்பான்ர பேர் என்ன, பிள்ளை?

கிளிநொச்சி ரெயில் நிலையத்தில் காலை ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில் விழுகிற வெயிலில் வடிவில்லாத முகம் என்று ஒன்று கிடையாது என்பாள் சுரேகா. அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒன்பது மணிவரை நிழல். இரணைமடுக் குளக்கட்டில் காற்று அதிகம், சேலைக்கு ஊசி கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும். ஆளை எங்கே, எத்தனை மணிக்கு நிறுத்தினால் படம் விழும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. வீடு உருத்திரபுரத்தில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கதிர்காமநாதனின் ஸ்ரூடியோவில் அடையாள அட்டைப் படங்கள் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருடத்தில் கமெரா அவள் கைக்கு வந்துவிட்டது. கலியாணப் பெண்ணை வெளியே கூட்டிப்போய்ப் படமெடுக்கிற 'அவுட்டோர்' பழக்கம் வன்னிக்கும் வந்தபோது எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். முந்தானையைச் சரிசெய்யவும் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கவும் ஒரு பெண்ணாயிருந்தால் வீட்டுக்காரருக்கு நிம்மதி.

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணி மாதம் கனடாவிலிருந்து லக்சிகா என்றொரு பெண் கலியாணத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை வந்து சேர இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதற்குள் தன்னைத் தனியாகப் படமெடுக்க வேண்டும், ஊர் தெரிய எடுக்க வேண்டும் என்றாள். துணைக்கு வந்தவர் அவளின் பெரியம்மா, கிளிநொச்சியிலேயே இருப்பவர்.

முதலில் ரெயில் நிலையம், பிறகு சந்தை ஒழுங்கை. லொறியிலிருந்து பூசணிக்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பட்டுச் சேலையோடு லக்சிகா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பொம்பிளை, ஒண்டைத் தூக்கிப் பிடியுங்கோ! மாப்பிள்ளையை விடப் பாரம் குறைவு!" என்று லொறிக்காரன் மேலேயிருந்து கத்தினான்.

லக்சிகா தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை சுரேகா தவறவிடவில்லை. கமெராவின் பின்பக்கத்தில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, இத்தனை வருடத்தில் தான் எடுத்த படங்களில் இதுதான் நல்ல படம் என்று.

முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக வெள்ளைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியம்மாவுக்கும் சந்தோசம்.

"நல்லாச் செய்யிறீங்கள் பிள்ளை. எந்த இடம் நீங்கள்?"

"உருத்திரபுரம், அன்ரி."

"அங்கை எங்களுக்கும் வயல் இருக்கு. அப்பான்ர பேர் என்ன, பிள்ளை?"

"பழனியாண்டி."

பெரியம்மா தட்டியைக் கீழே இறக்கினார்.

"முந்தி எங்கட வயலுக்கு நெல்லு அருவி வெட்ட வந்த பழனியோ?"

"ஓம்."

"ஓ. அப்ப நீ பழனியின்ர மேளோ."

அவ்வளவுதான். நீங்கள் என்பது நீ ஆகிவிட்டது. தட்டியை ஒரு மரப்பெட்டிமேல் சாய்த்துவிட்டு, "கெதியா எடு. வெயில் ஏறுது" என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த கோப்பையில் தேத்தண்ணி வந்தது. சுரேகாவுக்குக் கடதாசிக் கப்பில் வந்தது. லக்சிகா அதைக் கண்டாள். கண்டுவிட்டு ரெலிபோனைப் பார்த்தாள்.

அடுத்த நாள் ஸ்ரூடியோவில் கதிர்காமநாதன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கலியாணத்துக்கு எங்கட மற்றப் பெடியன் அஜந்தனை விடுறன். நீ கடையிலை நில்."

"ஏன் அண்ணை? என்னைத்தானே கேட்டவை."

"மணவறைக்குக் கிட்ட நிக்கவேணும், சாமியறைக்குள்ள போய் வரவேணும். உனக்குத் தெரியும்தானே."

"தெரியாது. சொல்லுங்கோ."

அவர் லென்ஸ் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "நான் அப்பிடிப் பாக்கிறனானோ? ஏழு வருசமா என்ர கடையிலை நிக்கிறாய். வாற சனத்தோட சண்டை பிடிக்கேலாது."

கலியாணம் முடிந்து இரண்டு கிழமையில் பூசணிக்காய்ப் படம் ஆளுயரத்தில் கடை வாசலுக்கு வந்தது. ஸ்ரூடியோவின் முகநூல் பக்கத்தில் அதே படத்தின் கீழே அஜந்தனின் பெயர் இருந்தது. லக்சிகா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, சொறி. பெரியம்மாவுக்குச் சொன்னனான், கேக்கேல்லை. படமெல்லாம் நல்ல வடிவு." அதற்குக் கீழே இன்னொன்று: "அந்தப் பூசணிக்காய்ப் படத்திலை என்ர கையை மட்டும் கொஞ்சம் மெல்லிசாக்கித் தரேலுமோ?"

சுரேகா கையை மெல்லிசாக்கி அனுப்பினாள்.

அன்றைக்கு வீட்டில் வெடித்தாள். குறி வைத்தது அப்பாவைத்தான்.

"உங்கட பேரைச் சொன்னாப்பிறகுதான் சனத்தின்ர முகம் மாறுது. வேற பேர் வைக்கேலாமல் போச்சுதோ?"

பழனியாண்டிக்கு ஏழு வயதில், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வீடு எரிந்தது. லொறியில் ஏறி வன்னிக்கு வந்தவர்கள். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் கிடந்தும் அவர் பேச்சு இன்னும் மலையிலேயே நிற்கிறது.

"எங்கப்பா வச்ச பேரு" என்றார்.

அம்மா வடிவம்மாதான் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். "சண்ட முடிஞ்சு முகாம்ல கஞ்சிக்கு ஒரே வரிசையிலதான நின்னோம்? அப்ப எவளாவது உங்கப்பன் பேரு கேட்டாளா? மலையில தமிழன்னு வெரட்டுனாங்க. இங்க என்னன்னு வெரட்டுறாங்கன்னு அவங்கள கேளு. இந்த மனுசன கேக்காத."

சுரேகா ஸ்ரூடியோவை விட்டாள். பழைய கமெரா ஒன்றை வாங்கித் தனியாகத் தொடங்கினாள். தன் முகநூல் பக்கத்தில் 'சுரேகா' என்று மட்டும் போட்டாள், முதலெழுத்துப் போடவில்லை. வேலை மெதுவாக வந்தது.

போன மாசியில் ஒருநாள் விடியற்காலை, ரெயில் நிலையத்தில் ஒரு கலியாணப் பெண்ணை நிறுத்திவிட்டுக் கமெராவை எடுத்தால் உயிரில்லை. மற்றப் பற்றரி வீட்டில் சார்ஜரிலேயே கிடந்தது. பெண்ணின் தாய் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினார். சுரேகா வீட்டுக்கு ரெலிபோன் அடித்துச் சொன்னாள்.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழனியாண்டி சைக்கிளில் வந்து சேர்ந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. மேடையில் ஏறி வருகிற அவரைப் பார்த்துப் பெண்ணின் தாய் கேட்டார்:

"ஆர் இவர்?"

சுரேகா வாயைத் திறந்தாள். அதற்குள் பழனியாண்டி முந்திக்கொண்டார்.

"நான் இந்தப் பக்கம் வேலைக்குப் போறேங்க. அந்தப் பிள்ள வீட்டுல இத குடுக்கச் சொன்னாங்க."

பற்றரியை அவள் கையில் தராமல் பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி இறங்கிப் போனார்.

அப்பா என்று கூப்பிட நேரம் இருந்தது. சைக்கிளைத் திருப்பி, சாரத்தை மறுபடி மடித்துக் கட்டி, பாதையைக் கடக்கும்வரை நேரம் இருந்தது. சுரேகா பற்றரியைப் போட்டு மூடியை அழுத்தினாள்.

"ஒரு அடி முன்னுக்கு வாங்கோ" என்றாள் பெண்ணிடம். "நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ. ஓம், அப்பிடியே."

படங்கள் நன்றாக வந்தன. பின்னேரம் வீட்டில் பழனியாண்டி, "வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்திட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றாள். அதன்பிறகு அவள் டவுனில் படமெடுக்கிற நாட்களில் அவர் டவுன் பக்கம் வருவதில்லை.

அந்த வீட்டுக்காரர் கலியாணத்துக்கும் அவளையே பிடித்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தாள், சாமியறைக்குள்ளும் போய் வந்தாள். மத்தியானம் பந்தியில் பெண்ணின் தாய் பக்கத்தில் வந்து நின்று விசாரித்தார்.

"அப்பா என்ன செய்யிறார், பிள்ளை?"

"அப்பா இல்லை, அன்ரி."

"ஐயோ, பாவம்." அவர் அவளின் தோளைத் தடவினார். பாயாச வாளியோடு போனவரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.

சுரேகா குடித்து முடித்தாள்.