பீரோவுக்கு அந்தப் பக்கம்

எனக்கு ஏழு வயது நடந்தபோது தலைமுடி இடுப்பைத் தொட்டது. நான் ஆண்பிள்ளை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குழம்ப வேண்டாம். எங்கெங்கிருந்தோ வேன் பிடித்துத் திருத்தணிக்கு வருகிறவர்கள் மலையேறி, மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு அரை நாளில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். மலையடிவாரத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு நான் இரட்டைப் பின்னலோடு திரிந்தேன். அப்பாவை நான் நைனா என்பேன், அவர் ஆட்டோ ஓட்டினார். பேருந்து நிலையத்துக்கும் மலைக்குமாக நாளெல்லாம் மொட்டைத் தலைகளை ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே என் பின்னல்தான் அவர் கண்ணில் படும். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்காது.

என் முதல் முடி முருகனுக்கு என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். முதல் மொட்டை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குப் பதினோராம் மாதம் நடந்தபோது நாள் குறித்தார்கள். பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வேனில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் டயர் காலை வாரிவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறதே என்று நைனாவுக்குப் பொறுக்கவில்லை. தன் தம்பியை உட்காரச் சொல்லி என்னை அவர் மடியில் வைத்துவிட்டார். என் தலையில் தண்ணீர் தடவியாகிவிட்டது. கத்தி வைக்கப்போகிற நேரத்தில் சீர்த்தட்டோடு மாமா மூச்சு வாங்க வந்து நின்றார். என் மடிக்குப் பதில் மடி கிடைத்துவிட்டதா என்று அவர் கேட்க, உன் வேனுக்காக நல்ல நேரம் நின்றுகொண்டிருக்குமா என்று நைனா கேட்க, அவ்வளவுதான் பேச்சு. மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினார். அம்மா ஈரத் தலையோடு என்னைப் பிடுங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாளாம். பிடிக்க முடியவில்லை.

அவர் வந்து கூப்பிடட்டும் என்று நைனா சொன்னார். அவர் வந்து கூப்பிடட்டும் என்று பொதட்டூர்பேட்டையிலும் சொன்னார்கள். அம்மா செல்போனில் கூப்பிட்டால் எப்போதும் அண்ணிதான் எடுப்பார். அண்ணன் எப்போதும் வெளியே போயிருப்பார். இந்த ஆறு வருடமும் என் தலையில் கத்தி படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்க்கும்போது அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: "இந்த முடி இருக்கிற வரைக்கும் எங்கண்ணன் ஒரு நாளு வந்துதான் ஆவணும்." சாமி காரியத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து நானும் தலையை ஆடாமல் வைத்துக்கொள்வேன்.

முதல் வகுப்பில் ஒருவரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் வகுப்பு ஏ பிரிவு டீச்சருக்கு என் பின்னல் ஆகவே ஆகவில்லை. பெண்பிள்ளைகள் வரிசையில் என்னை உட்கார வைத்தார். "வாம்மா, போம்மா" என்றுதான் கூப்பிடுவார். வகுப்பே சிரிக்கும். பின்னலைப் பிடித்து இழுத்த ஒருவனின் கையை நான் பல் பதியக் கடித்தேன். அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. முடியால் வகுப்பில் கலவரம் என்று டீச்சர் அம்மாவுக்குச் சீட்டு எழுதினார். இரண்டாவது சீட்டுக்கும் பலன் இல்லை என்றதும், காகிதப்பூ செய்ய வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக் காட்டி, திங்கட்கிழமை நானே வெட்டிவிடுவேன் என்றார். வெறும் மிரட்டலாகக்கூட இருக்கலாம். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை காலை அம்மா என்னை வகுப்புக்குப் போக விடவில்லை. நேரே தலைமையாசிரியை அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பையனை பி பிரிவுக்கு மாற்றுங்கள் என்றாள். எங்கள் பள்ளியில் ஏ பிரிவும் பி பிரிவும் ஒரே நீளக் கூடம்தான். நடுவில் இரண்டு இரும்பு பீரோக்களை நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். அங்கே வாய்ப்பாடு சொன்னால் இங்கே கேட்கும். ஆனாலும் தலைமையாசிரியை, நடு வருடத்தில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றினால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்று சட்டம் பேசினார்.

"பீரோக்கு இந்தாண்ட உக்காந்துகினு கீறவன் அந்தாண்ட உக்காரப் போறான், அவ்ளோதான டீச்சர்? இதுல சட்டம் எங்கருந்து வந்துது?" என்றாள் அம்மா.

மனு எழுதித் தரச் சொன்னார்கள். என் கோடு போடாத நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அங்கேயே எழுதிக் கொடுத்தாள். அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து நைனாவிடம் நீட்டினால், அவர் பேனாவைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடம் கேட்பதில் என்ன தப்பு, இப்போதே ஆட்டோவில் ஏறினால் அரை மணி நேரத்தில் மொட்டை போட்டுக் கூட்டி வந்துவிடலாமே என்றார். "அவன் தலையில கைய வச்சிப் பாருங்க, அப்புறம் தெரியும்" என்றாள் அம்மா. நைனா சாவியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் கையெழுத்து இல்லாத மனுவோடு பள்ளிக்குப் போய், தலைமையாசிரியை அறை வாசலில் கிடந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நான், மடியில் சோற்று டப்பா. காலை மணியிலிருந்து மாலை மணி வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த நாளும் அதே பெஞ்ச். போகிற வருகிற டீச்சர்கள் எல்லாம் எங்களைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் நாள் தலைமையாசிரியை வெளியே வந்து, வீட்டுக்காரர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாம்மா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அம்மா எழுந்து நின்றாள். "பத்து மாசம் சொமந்தப்ப யாரும் எங்கிட்ட அவர் கையெழுத்து கேக்கல டீச்சர். என் கையெழுத்து இருக்குது. செல்லாதுன்னு எழுதிக் குடுங்க, போறேன்."

அப்படி எழுதிக் கொடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் ஏ பிரிவு வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும், ஆள் பி பிரிவில் உட்காரலாம். தினமும் காலையில் ஏ பிரிவு டீச்சர் என் பெயரைப் படிக்க, நான் பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். தேவைக்கு மேலேயே கத்தினேன். அவர் என் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பி பிரிவுக்கு ஒரு சார். பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர். முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரிப்பன் அவிழ்ந்தால் அவரே கட்டிவிடுவார். இத்தனை முடி எதற்கு என்று ஒரு நாள் கேட்டார். வேண்டுதல், மாமா மடி, மாமா ஊர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமாவின் பெயரையும் கேட்டார். சொன்னதும், "அட, எங்க தெருதான்டா" என்றார். அவர் அந்த ஊர் என்பது அம்மாவுக்கு முன்பே தெரியுமா என்று நான் பெரியவனான பிறகு கேட்டிருக்கிறேன். அவள் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பத்து பதினைந்து நாள் போயிருக்கும். மதியம் சத்துணவு முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். சார் கூப்பிட்டார். வேட்டி கட்டிய ஒருவர் துணிப்பையோடு அவர் பக்கத்தில் நின்றார். அம்மாவின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. "வா மருமவனே, மேல போய்ட்டு வரலாம்" என்றார். சாரும் போய் வா என்றார். ஆட்டோ நிறுத்தத்தில் மாமா ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒன்றில் ஏறினார். மலைமேல் என்னை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். அந்த மடி நடுங்கிக்கொண்டே இருந்தது. "ஆடாத உக்காரு சாமி" என்று மொட்டையடிப்பவர் திட்டினார். திட்டியது என்னை அல்ல, மாமாவை.

புதுச் சட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, எங்கள் தெருமுனையில் கொண்டுவந்து விட்டார். வீடு அங்கிருந்தே தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்க நைனா கூப்டாரா?"

"இல்ல."

"அப்ப நீ போ. வேண்டுதல் முடிஞ்சிடுச்சின்னு அம்மாகிட்ட சொல்லு."

நான் கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என் தலையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிய விதத்தில், நைனா வேலை என்று நினைத்துவிட்டாள் என்பது எனக்கே தெரிந்தது. "மாமா மடியிலதான்மா! மாமாவே வந்தாரு!" என்றேன். சோப்பு நுரைக் கையோடு தெருமுனை வரைக்கும் ஓடினாள். அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து, "வீட்டுக்கு வரேன்னு சொன்னாரா?" என்று கேட்டாள். மாமா சொல்லச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

பள்ளிக்கூடப் பெஞ்சில் மூன்று நாள் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவள், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் தலையைத் தடவித் தடவி அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. சாமிக்கு முடி போய்விட்டது, மடி மாமாவுடையது, இனி எந்த டீச்சரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கேட்டதெல்லாம் நடந்திருக்க, இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு? சாயங்காலம் வந்த நைனா என் தலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் தலைமையாசிரியைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முடிதான் போய்விட்டதே, பையன் பழையபடி ஏ பிரிவிலேயே உட்காரட்டும் என்றார். "வேணாம் டீச்சர். அந்த சாராண்டயே இருக்கட்டும்" என்று அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். மறுபடியும் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னதால், தலைமையாசிரியை உடனே தலையாட்டிவிட்டார். ஜெயித்த பிறகும் எதற்கு இந்தப் பிடிவாதம் என்று எனக்கு விளங்கவில்லை. பி பிரிவிலேயே இருந்தேன், முடியும் மெல்ல முளைத்தது.

அந்த வருடம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து பையை இறக்குவதற்கு முன்பே அம்மா கேட்டுவிடுவாள்: "சார் எதனா சொன்னாரா?"

"ஆங். நாலாம் வாய்ப்பாடு எழுதிகினு வரச் சொன்னாரு" என்பேன்.